பதினோராம் வரிசையின் பெயர்

ஒரு பெயரை உரத்துச் சொல்வதற்காக நான் யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோவுக்குப் போனேன். வேறு அலுவல் எதுவும் எனக்கு அங்கே இருக்கவில்லை. நீர்வீழ்ச்சி பார்க்கவில்லை, வானளாவிய கோபுரத்தில் ஏறவில்லை. அந்தப் பெயர் என் அத்தானுடையது. அவர் இறந்து இரண்டு பனிக்காலம் கழிந்திருந்தது. சொல்லவேண்டியவள் என் அக்கா. அவளால் இயலவில்லை.

நகரத்துக்கு வடக்கே, காரில் ஒன்றரை மணித்தியாலத் தொலைவில், வயல்களின் நடுவே ஒரு பழைய பிரெஸ்பிற்றேரியன் தேவாலயம் நிற்கிறது. ஸ்கொட்லாந்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள் கட்டியது. இன்று அங்கே வாராந்த ஆராதனை இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை, யூன் மாதத்து ஞாயிறு ஒன்றில், அந்த மண்ணில் அடக்கம் செய்யப்பட்டவர்களின் நினைவு ஆராதனைக்காக மட்டும் கதவைத் திறப்பார்கள்.

அந்த ஆராதனையில் ஒரு வழக்கம் உண்டு. சபையின் செயலாளர் கல்லறைப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வரிசை எண்ணையும் குழி எண்ணையும் மாத்திரமே அழைப்பார். பெயரை அவர் சொல்லமாட்டார். இறந்தவருக்கு இரத்த உறவோ மணவுறவோ உள்ள ஒருவர் எழுந்து பெயரைச் சொல்லவேண்டும். சொன்னதும் கோபுரத்து மணி ஒருமுறை ஒலிக்கும். எவரும் சொல்லாவிட்டால் மணி இல்லை, அடுத்த எண். தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் மணி ஒலிக்காத குழியை அதன்பின் அழைப்பதே இல்லை. புத்தகத்தில் பெயர் இருக்கும், அழைப்பு இராது.

சென்ற ஆண்டு அத்தானின் குழிக்கு மணி ஒலிக்கவில்லை.

அக்கா தன் கணவரின் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. அவள் வயதுப் பெண்களிடையே எங்கள் பக்கத்தில் அது புதுமையன்று. 'இவர்', 'அவர்', கோபம் வந்தால் 'உந்த மனுசன்' என்பவற்றைக் கொண்டே ஓர் ஆயுளை நடத்திவிட்டாள். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகச் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தது. திருமண உறுதிமொழியில் மணமகள் மணமகனின் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும். உடுவிலில் நடந்த அந்தத் திருமணத்தில் நான் முன்வரிசை வாங்கில் அமர்ந்திருந்தேன். பெயர் வரவேண்டிய இடத்தில் அக்காவின் உதடுகள் அசைந்தன, ஒலி வரவில்லை. போதகர் ஒரு கணம் தயங்கினார். பிறகு, கேட்டுவிட்டவர்போலத் தலையை அசைத்துவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போனார்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அத்தானின் உடன்பிறந்தோர் எவரும் உயிரோடில்லை. ஆகவே, 'நீ வந்து சொல்லு' என்று அக்கா தொலைபேசியில் கேட்டாள். தம்பியைத் தவிர வேறு யாரைக் கேட்பாள்?

வியாழக்கிழமை பிற்பகல் விமான நிலையத்தில் என்னை எதிர்கொண்டவர் யோகன். அவரும் அத்தானும் அந்தத் தேவாலயத்துக்கு அருகில் ஒரு பண்ணையின் கண்ணாடிக் கூடாரங்களில் பதினான்கு ஆண்டுகள் தக்காளிச் செடிக்குக் கயிறு கட்டியவர்கள். பண்ணை மூடியபின் அக்காவும் அத்தானும் நகரத்தில் ஸ்காபரோவுக்கும் யோகன் ரெக்ஸ்டேலுக்கும் குடிபெயர்ந்தார்கள். ஆயினும் கோடைதோறும் அத்தான் திரும்பிப்போய் அந்தக் கல்லறைத் தோட்டத்துப் புல்லை வெட்டிக்கொடுத்தார். தனக்குரிய இடத்தையும் புல் வெட்டும்போதே தெரிவுசெய்துகொண்டாராம்: பதினோராம் வரிசை, நான்காம் குழி. பிற்பகலில் மேப்பிள் மரத்தின் நிழல் விழும் இடம்.

"மாஸ்ரர், பெல்ற்றைப் போடுங்கோ," என்றார் யோகன். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். ஊரில் படித்தவன் எவனும் எனக்கு வேறு பெயர் வைப்பதில்லை. "போன வருசம் நான் அக்காவுக்குப் பக்கத்திலைதான் இருந்தனான். எழும்பினவ. வாயைத் திறந்தவ. காத்துத்தான் வந்தது. உந்தச் செயலாளர்க் கிழவன் மணிக்கயித்தைப் பிடிச்சுக்கொண்டு பாத்தபடி நிக்குது. எனக்குப் பொறுக்கேல்லை, நான் சொல்லுறன் எண்டு எழும்பிப்போட்டன். 'நீங்கள் உறவினரா?' எண்டு கேட்டார். ஓம் எண்டு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சேர்ச்சுக்குள்ளை நிண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"நீர் சைவமெல்லோ?"

"சைவம்தான். எண்டாலும் சேர்ச் சேர்ச்தானே, மாஸ்ரர்."

வீதிகள் அகன்றவை, மனிதர் நடமாட்டம் அரிது. ஒவ்வொருவரும் ஓர் இரும்புப் பெட்டிக்குள் தனித்தனியே அமர்ந்து போகிறார்கள். எங்கள் ஊரில் ஒரு பேருந்துக்குள் இருக்கும் உறவும் சண்டையும் இங்கே ஒரு நெடுஞ்சாலை முழுவதிலும் இல்லை.

பதினான்காம் மாடியில் அக்காவின் வீடு. என்னைக் கண்டதும் அழுவாள் என்று எண்ணியிருந்தேன். "பல்லுக் கட்டினனியே? வடிவாத்தான் கிடக்கு," என்றாள். புட்டும் கணவாய்க் கறியும் வைத்தாள். நான் இரண்டாம் கவளம் எடுக்குமுன் எதிரே வந்து அமர்ந்தாள்.

"பேரை ஒருக்காச் சொல்லு, பாப்பம்."

கை எச்சிலாக இருக்க நான் தயங்கினேன். எண்ணிப் பார்த்தால், நானும் அவரை அத்தான் என்றே அழைத்துப் பழகியவன். அவர் பெயர் என் நாவுக்கும் அந்நியம்தான். சொன்னேன். அக்கா சட்டென்று எழுந்துபோய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்தாள்.

"கொஞ்சம் உரத்துச் சொல்லவேணும்," என்றாள், முதுகைக் காட்டியபடி. "கடைசி வாங்குக்கும் கேக்கவேணும்."

"நாப்பது வருசம் வகுப்பு எடுத்த தொண்டை, அக்கா."

"வகுப்பு எடுத்தனி, சரி. நீ எழுதுற கட்டுரையள் ஒண்டும் எனக்கு விளங்கிறேல்லை. உன்ரை தமிழை வாசிக்க இன்னொரு தமிழ் வேணும். நாலு வரிக்கு மேலை நான் போனதில்லை. அங்கை விளக்கமொண்டும் வேண்டாம். பேரைச் சொல்லிப்போட்டு இரு."

வெள்ளிக்கிழமை காலை, மருந்துக்கடைக்கு அவள் தொலைபேசி எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்நாட்டில் கணவரின் பெயரே மனைவியின் பெயருக்கு வாலாக ஒட்டிக்கொள்கிறது. எந்த அலுவலகமும் முதலில் அந்த வாலைத்தான் கேட்கிறது. அக்கா அதற்கு ஒரு வழி கண்டிருந்தாள். ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஓர் எழுத்து, ஒரு மூச்சு, மேசையில் விரலால் ஒரு தட்டு. கடைசி எழுத்துவரை தட்டிவிட்டு நிறுத்தினாள். எழுத்துகளைக் கூட்டி அதை ஒரு பெயராக்கும் பொறுப்பு மறுமுனையில் இருந்தவருடையது. அப்படியே முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வங்கி, மருத்துவமனை, குடிவரவு அலுவலகம் எல்லாவற்றையும் கடந்திருக்கிறாள்.

பிற்பகல் யோகன் எங்களை ஒரு கடைத்தொகுதிக்கு அழைத்துப்போனார். தமிழ்ப் பெயர்ப்பலகைகள், தமிழ்ப் பாட்டு, தமிழ்ச் சண்டை. வரிசையில் எனக்கு முன்னே நின்ற பெண்மணி இன்னொருத்தியிடம், "உவள் மருமேள் புட்டுக்கே மேசைக்கரண்டி தேடுறாள், அன்ரி," என்று முறையிட்டுக்கொண்டிருந்தார். ஆட்டிறைச்சி ரோல் வாங்கிக்கொண்டு ஒரு மூலையில் நின்று தின்றோம்.

"அக்கா," என்றார் யோகன், வாயில் ரோலோடு. "மாஸ்ரரை உவ்வளவு தூரம் பிளேனிலை ஏத்தி இறக்கினதுக்கு, நீங்கள் அங்கை எழுத்துக் கூட்டியாவது சொல்லியிருக்கலாமே. போனிலை சொல்லுறியள்தானே?"

"அது பாங்குக்காரனுக்கு," என்றாள் அக்கா. "செத்த மனுசனைப் பாங்குக்காரன்ரை கணக்கிலை கூப்பிடுறதே?"

யோகன் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அன்று மாலை அவள் எதுவும் உண்ணவில்லை.

சனிக்கிழமை காலையில் முட்டைச் சான்ட்விச் செய்தோம். அவித்த முட்டை, வெண்ணெய், மிளகு. அந்தச் சபைக்கு உகந்த சாதுவான உணவு. ஆனால் ஒரு தட்டில் மட்டும் அக்கா பச்சைமிளகாயைப் பொடிப்பொடியாக அரிந்து சேர்த்துச் சிவப்புப் பல்குச்சி குத்தினாள். எச்சரிக்கைக் கொடி. "முதல் முடியிறது உந்தத் தட்டுத்தான்," என்றாள். "சபைச் சனம் வேர்க்க வேர்க்கச் சாப்பிடுதுகள். ஒருத்தரும் உறைக்குது எண்டு சொல்லாதுகள்."

நண்பகலில் ஜீன் வந்தார். தேவாலயத்துக்கு அடுத்த பண்ணையில் வாழும் விதவை. எழுபது வயதில் பெருவண்டி ஓட்டுபவர். ஆண்டுதோறும் முதல் நாளே அக்காவை அழைத்துப்போய்த் தம் வீட்டில் தங்கவைத்து, இருவருமாகக் கல்லறைகளுக்குப் பூ வைப்பார்களாம். ஜீனின் வீட்டில் கூடுதலாக ஒரு கட்டிலே இருந்ததால், நான் மறுநாள் யோகனோடு வருவதாக ஏற்பாடு. தேநீர் அருந்தும்போது அவரிடம், அந்த விதியை ஒருமுறை தளர்த்தினால் என்ன என்று கேட்டேன்.

ஜீன் கோப்பையைக் கீழே வைத்தார். "செயலாளர் ஹியூ கொடியவர் அல்லர்," என்றார் ஆங்கிலத்தில். "அவருடைய அண்ணன் ஆறாம் வரிசையில் இருக்கிறார். ஹியூ இரண்டு கோடை தொடர்ந்து நோயில் படுத்தார். பெயர் சொல்ல வேறு எவரும் இல்லை. எழுந்து வந்தபின், அந்த எண்ணைத் தாமே அழைக்காமல் தாண்டிப்போனார். இன்றும் தாண்டுகிறார். தம் அண்ணனுக்குச் செய்யாததை வேறொருவருக்கு எப்படிச் செய்வார்?"

நான் என் தேநீரைக் குடித்து முடித்தேன்.

புறப்படுமுன் அக்கா நாட்காட்டித் தாள் ஒன்றின் பின்புறத்தில் பதினொரு கோடு இழுத்து, கடைசிக் கோட்டில் ஒரு புள்ளி வைத்து என் கையில் தந்தாள். "ரண்டு மணிக்குத் துடங்கும். பேர் கூப்பிடுறது ரண்டரைக்கு மேலை. நீ ஒரு மணிக்கே வந்திடு. அங்கை போன் எடுபடாது, சொல்லிப்போட்டன்."

"வருவன், அக்கா."

"இந்த முறையும் மணி அடியாட்டி..." என்று தொடங்கினாள். முடிக்கவில்லை. சான்ட்விச் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மின்தூக்கிக்குள் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வருவதாகச் சொன்ன யோகன் பன்னிரண்டேகாலுக்கு வந்தார். நெற்றி நிறையத் திருநீறு. நான் வாசலில் ஒன்றேகால் மணித்தியாலமாகச் சப்பாத்தோடு நின்றிருந்தேன்.

"குறை நினையாதையுங்கோ, மாஸ்ரர். ஒரு நல்ல காரியத்துக்குப் போறம். றிச்மண்ட் ஹில் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைச்சுப்போட்டு வருவம் எண்டு போனன். இண்டைக்குப் பாத்து அங்கை சனமான சனம்."

"பிரெஸ்பிற்றேரியன் ஆராதனைக்குப் பிள்ளையாரிடம் அர்ச்சனையோ?"

"அண்ணைன்ரை பேருக்குத்தான் செய்தனான். நட்சத்திரம் தெரியேல்லை. ஐயர் சமாளிச்சிட்டார்."

கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. அத்தானின் பெயர் அன்று ஏற்கெனவே ஒருமுறை, யாரும் எதிர்பாராத ஒரு சந்நிதியில், உரத்துச் சொல்லப்பட்டுவிட்டது. ஆனால் அதற்கு மணி அடித்தாலும் ஹியூவின் புத்தகத்தில் ஏறாது.

நெடுஞ்சாலையில் மூன்று தடங்களில் இரண்டை அடைத்துத் தார் போட்டுக்கொண்டிருந்தார்கள். கார்கள் அட்டையைப்போல ஊர்ந்தன. ஒன்று பத்து. ஒன்று முப்பது. யோகன் கைப்பேசியின் வழிகாட்டியைத் தட்டி, அது சொன்ன கிளைவீதியில் திரும்பினார். சோளம் முழங்காலளவு வளர்ந்திருந்த வயல்கள், சிவப்புக் களஞ்சியங்கள், ஓர் ஆளும் இல்லை. இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு ஒரு செங்கல் தேவாலயத்தின் முன்னே வழிகாட்டி, 'வந்து சேர்ந்துவிட்டீர்கள்' என்றது.

வாசலில் கார்கள் இல்லை. கல்லறைகளும் இல்லை. அரைக்காற்சட்டை அணிந்த ஒருவர் முற்றத்தில் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தார். அது தேவாலயமாக இருந்து இப்போது அவருடைய வீடாகியிருந்தது.

"நீங்கள் தேடுவது மற்றப் பரிசுத்த அந்திரேயா தேவாலயத்தை," என்றார் அவர், இடுக்கியால் கிழக்கைக் காட்டி. "இந்தப் பக்கத்தில் ஸ்கொட்லாந்துக்காரர் எல்லாத் தேவாலயத்துக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டுப் போனார்கள். இங்கிருந்து இருபத்தைந்து நிமிடம். ஓர் இறைச்சித்துண்டு?"

நான் கதவை அடித்துச் சாத்தினேன். யோகன் காரைத் திருப்பினார். அவர் நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்து புருவத்துக்கு இறங்கியிருந்தது.

கிழக்கே போகும் சரளை வீதியில், வீதியை முழுவதும் அடைத்துக்கொண்டு ஒரு வைக்கோல் வண்டி எங்களுக்கு முன்னே அசைந்து சென்றது. யோகன் ஒலிப்பான் அடித்தார். ஓட்டியவர் நாங்கள் வணக்கம் சொல்வதாக எண்ணிக் கையசைத்தார். இரண்டு நாற்பது. அக்கா வாசலைப் பார்ப்பாள், ஜீன் மணிக்கூட்டைப் பார்ப்பார் என்று மனம் படம் எழுதிக்கொண்டே இருந்தது. பதினொரு கோடு இழுத்த தாள் என் உள்ளங்கை ஈரத்தில் நைந்துபோயிற்று.

வைக்கோல் வண்டி ஒரு வயலுக்குள் திரும்பியது. யன்னல்களை இறக்கினோம். அப்போது கேட்டது: ஒரு மணியோசை. பின் நிசப்தம். மறுபடி ஒன்று.

"எத்தினையாம் வரிசை, மாஸ்ரர்?" என்றார் யோகன், ஓசையில் எண் எழுதியிருப்பதுபோல.

"விடும், விடும்! கெதியா விடும்!"

வீதியின் இருமருங்கும் கார்கள் நின்றமையால் நூறு மீற்றருக்கு அப்பாலேயே இறங்கினேன். அறுபத்தெட்டு வயதில், கழுத்துப்பட்டி அணிந்து, கல்லறைகளின் ஊடே ஓடினேன். மேப்பிள் மரத்தடியில் புதிய கல் ஒன்று. அதன் காலடியில் ஜாம் போத்தலில் நீலப் பூக்கள். நிற்க நேரமில்லை. கோடையாதலால் கதவு திறந்திருந்தது. உள்ளிருந்து முதிய குரல் ஒன்று தெளிவாக அழைத்தது.

"பத்தாம் வரிசை, எட்டு."

எவரும் சொல்லவில்லை. மணி இல்லை.

"பதினோராம் வரிசை, ஒன்று." ஓர் ஆணின் குரல், மணி. "இரண்டு." ஒரு பெண்ணின் குரல், மணி. நான் படியில் கால்வைத்தபோது மூன்று முடிந்திருந்தது.

"நான்கு."

நிலைப்படியை அடைந்துவிட்டேன். மூன்றாம் வாங்கில் அக்கா எழுந்து நின்றாள். எனக்கு அவள் முதுகு மட்டுமே தெரிந்தது. மறுகோடியில், ஒரு கையில் புத்தகமும் மறுகையில் மணிக்கயிறுமாக ஹியூ நின்றார். அவர் என்னைக் கண்டார். யார் என்றும் அறிந்துகொண்டார், ஜீன் சொல்லியிருக்கவேண்டும். அவர் கண்கள் என்மீது தங்கின. கயிறு அசையவில்லை.

நான் மூச்சை இழுத்தேன். அங்கிருந்தே சொல்லியிருக்கலாம், கடைசி வாங்குக்கும் முதல் வாங்குக்கும் கேட்டிருக்கும். அதற்காகவே கடல் கடந்து வந்தேன். நாவு மேலண்ணத்தைத் தொட்டுவிட்டது.

அப்போதுதான் அவள் கையைக் கண்டேன். முன்வாங்கின் சாய்வுப் பலகையில் அவளுடைய வலக்கை விரல் தட்டிக்கொண்டிருந்தது. ஒரு தட்டு, ஒரு மூச்சு. இன்னொரு தட்டு. வெள்ளிக்கிழமை மேசையில் தட்டிய அதே தட்டுகள். அவள் எழுத்துகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள். எத்தனை எழுத்து என்பது எனக்குத் தெரியும். நானும் எண்ணினேன். ஐந்து. ஆறு. சபையில் ஒருவர் செருமினார். ஹியூ கண்ணை என்னிடமிருந்து எடுத்து அவளிடம் கொண்டுபோனார். கடைசித் தட்டு விழுந்தது. விரல் நின்றது.

நான் வாயை மூடிக்கொண்டேன். இதைவிட நீண்ட கணம் ஒன்றை நான் அறியேன். அவள் சொல்லாமற் போயிருந்தால், சொல்லக்கூடிய இடத்தில் நின்றும் சொல்லாத பழி என்னுடையதாகியிருக்கும்.

அவள் சொன்னாள். எழுத்து எழுத்தாகவன்று, முழுப் பெயராக, தகப்பன் பெயரையும் முன்னே சேர்த்து, கதவு கடந்து கல்லறைத் தோட்டத்துக்கும் கேட்கும்படி, சந்தையில் பிள்ளையைத் தவறவிட்ட தாய் கூப்பிடும் குரலில் சொன்னாள்.

ஹியூ கயிற்றை இழுத்தார்.

ஓசை அடங்குமுன் நான் பின்வாங்கிப் படியிறங்கினேன். ஓடி வந்த வழியே வாயிற்கதவுவரை நடந்துபோய், அங்கே யோகனோடு நின்றுகொண்டேன். அவர் தோளில் கிடந்த சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்து எல்லாரும் புற்றரைக்கு வந்தார்கள். மடக்குக் கதிரைகள், எலுமிச்சைப் பானம், சிவப்புக் கொடி நாட்டிய தட்டு. அக்கா அந்தத் தட்டைச் சுமந்தபடி என்னை நோக்கி வந்தாள். முகம் காய்ச்சல்காரியுடையதுபோலச் சிவந்திருந்தது.

"எப்ப வந்தனி?"

"இப்பதான், அக்கா. வழி மாறிப்போச்சு."

"உள்ளுக்கை வரேல்லையே?"

"இல்லை."

"வாசலுக்கும் வரேல்லை?"

"இல்லை, அக்கா."

"அப்ப நீ ஒண்டும் கேக்கேல்லை."

யோகன் தரையைப் பார்த்தார். எங்களுக்கு அருகே ஹியூ வந்து தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்தார், மென்றார், வியர்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆயினும் என்னைப் பார்த்த பார்வையில், என்ன கேட்கப்படுகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

"ஒண்டும் கேக்கேல்லை," என்றேன்.

அக்கா என் கண்ணைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள். "நல்லது," என்றாள். "யோகனை நம்பி வெளிக்கிட்டா இப்பிடித்தான். இந்தா, சாப்பிடு. உறைக்கும்."

உறைத்தது. நான் சொல்லவில்லை.

உடுவிலில் அன்று அந்தப் போதகர் கேட்டுவிட்டவர்போலத் தலையசைத்தார். இங்கே நான் கேட்காதவன்போல நின்றேன். அக்கா என் கட்டுரைகளில் நாலு வரிக்கு மேல் போவதில்லை. ஆகவே இவ்வளவையும் எழுதத் துணிந்தேன். ஆயினும் அந்தப் பெயரை இதில் எங்கும் எழுதவில்லை. கேட்கவில்லை என்று சொன்னவன் அதை எழுதுவது முறையன்று.